அஞ்சு வருஷம், ஒரே சனிக்கிழமை

அப்படியே எடுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க அண்ணாச்சி. உக்காருங்க. அந்த ஸ்டூலுதான், லேசா ஆடும், விழாது. பென்ஷனுக்கா, பாங்குக்கா? எதுக்கா இருந்தாலும் சரி, மூஞ்சில எது இருக்கணும், எது இருக்கக் கூடாதுன்னு நான் பாத்துக்கிறேன். வர்றவன் பூராம் இப்ப இதே பாட்டத்தான் பாடுறான். உள்ளது உள்ளபடி இருக்கட்டும், ஒண்ணையும் தொடாதீங்கன்னு. அப்புறம் எதுக்குய்யா ஸ்டுடியோவுக்கு வர்ற? வீட்டுச் செவத்துல சாஞ்சுக்கிட்டு செல்லுல ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போக வேண்டியதுதான?

போச்சு, கரண்டு போச்சு. இனி அரைமணி நேரம் ஆகும். ஃபேன் இல்ல, அந்த அட்டைய எடுத்து விசிறிக்கங்க.

கோவம் உங்க மேல இல்ல அண்ணாச்சி. நேத்து ஒரு எடத்துக்குப் போயி அசிங்கப்பட்டு வந்திருக்கேன். ராத்திரி சோறு எறங்கல. யார்கிட்டயாவது சொன்னாத்தான் ஆறும்.

பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜ் இருக்குல்ல? பேரு வேணாம், பேரச் சொன்னா வாய் கொப்பளிக்கணும். அந்தக் காலேஜுக்கு இருபத்திரண்டு வருஷமா நான்தான் போட்டோ. செண்பகராஜ்னு கேட்டா அங்க வாட்ச்மேன்லேருந்து கரஸ்பாண்டன்ட் வரைக்கும் தெரியும். ஆண்டு விழா, விளையாட்டு விழா, பட்டமளிப்பு பூராம் நம்மதான். விழா எடுக்குறது பெரிய வித்தை இல்ல, எவனும் எடுப்பான். சும்மா நாள்ல காலேஜ எடுக்கணும், அதுதான் வித்தை. ஆண்டு மலர் போடுறதுக்கு, நோட்டீசு அடிக்குறதுக்கு அதுதான் கேப்பாய்ங்க. மாணவர்கள் படிப்பது, மாணவிகள் உரையாடுவது, அந்த மாதிரி.

நெசமா நடக்குறத எடுத்தா அது காலேஜ் மாதிரியே இருக்காது அண்ணாச்சி. லைப்ரரிக்குள்ள போனா நாலு பேரு தூங்குவான், ரெண்டு பேரு செல்ல நோண்டுவான். லேப்ல ஒருத்தன் செய்வான், பதினோரு பேரு வேடிக்கை பாப்பான். அதை எடுத்து அச்சுல போட்டா எந்தத் தகப்பன் புள்ளையக் கொண்டாந்து சேப்பான்? ஒரு தடவ மலர் அட்டைக்கு, மரத்தடியில நாலு புள்ளைங்க பேசிச் சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். நாலும் வேற வேற டிபார்ட்மெண்டு. ஒண்ண ஒண்ணு மொகம் பாத்ததே கெடையாது. நான்தான் புடிச்சு உக்கார வச்சு, சிரிக்க வச்சேன். அதுல ரெண்டு பின்னால கல்யாணம் பண்ணிக்கிருச்சுங்க. அந்தக் கல்யாணத்துக்கும் போட்டோ நான்தான். சொல்லுங்க, நெசத்துக்கு என்ன கொறைச்சல் அதுல?

போன ஆகஸ்டுல பிரின்சிபால் கூப்பிட்டு விட்டாரு. காலேஜுக்குத் தரச்சான்று குடுக்குற கமிட்டி அடுத்த மாசம் வருது. வடக்கத்தி ஆளுங்க. அஞ்சு வருஷமா என்னென்ன நடத்துனீங்கன்னு படத்தோட கேப்பாய்ங்களாம். இவிங்ககிட்ட படம் இருந்தாத்தான? பாதி நடத்தவே இல்ல. நடத்துன பாதியும் கம்ப்யூட்டர்ல வச்சிருந்து, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. என்கிட்ட இருக்கான்னு கேட்டாரு. வேலை முடிஞ்சா கேமரா கார்டத் தொடச்சிருவேன் சார்னேன். அப்பச் சொன்னாரு பாருங்க ஒரு வார்த்தை. "செண்பகம், சனிக்கிழமை காலேஜ் லீவு. அஞ்சு வருஷத்தையும் அன்னைக்கே முடிச்சுரு." அதையே போன்லயும் பேசி அனுப்பிச்சாரு, மறந்துறக் கூடாதுன்னு.

வேற எவனா இருந்தாலும் ஓடியிருப்பான். நான் செஞ்சேன். பதினேழு பேனரு. சுற்றுச்சூழல் தினம், மகளிர் தினம், யோகா தினம், ரத்ததான முகாம், போதை ஒழிப்பு, பொங்கல், இலக்கிய மன்றத் தொடக்கம். ஒவ்வொண்ணுலயும் வருஷத்த மட்டும் மாத்தி. அறுவது புள்ளைங்கள ரெண்டு செட்டுச் சட்டையோட வரச்சொல்லி, மொத வருஷப் படத்துல நிக்கிறவன் மூணாம் வருஷத்துல நிக்காம, மாத்தி மாத்தி நிறுத்துனேன். செவத்துக் கடிகாரத்தக் கழட்டுனேன். காலண்டரக் கழட்டுனேன். வேப்பங்கன்னு ஒண்ணே ஒண்ணுதான் கெடச்சுச்சு, அதை அஞ்சு தடவ நட்டு அஞ்சு தடவ புடுங்குனோம். கடைசித் தடவ அதுவே சலிச்சுப்போயித் தொங்கிருச்சு. பொங்கப் பானையில அரிசி இல்ல, சோப்பு நொரை. கேன்டீன் பூட்டிக் கெடந்துச்சு, வெளியருந்து வடை வாங்கியாந்து, கடிச்சுறாதீங்கடா, கடிச்சா வடிவம் போயிரும்னு காவல் காத்தேன். கொரோனா வருஷம் ஒண்ணு நடுவுல வருதுல்ல? அத்தன பேருக்கும் மாஸ்க்கு மாட்டி, ஆறடி தள்ளி நிறுத்துனேன்! பிரின்சிபாலே அசந்துட்டாரு. செண்பகம், இது எனக்குத் தோணலையேய்யான்னாரு. எப்படித் தோணும்? படிச்சவன் மூளை வேற, தொழில்காரன் மூளை வேற.

இதுல வாத்திமாருங்கள மாத்த வேண்டியதில்ல. வருஷா வருஷம் அதே ஆளுங்கதான இருப்பாங்க? எட்டுப் பேரு வந்தாங்க. அதுல ஒரு அம்மா, அங்கயற்கண்ணி மேடம்னு. காமர்ஸ் டிபார்ட்மெண்டு, ஆறு வருஷமா இருக்காங்க. நல்ல உயரம், முகலட்சணம். நான் பாத்த ஒடனே நீங்க முன்னாடி வாங்கன்னுட்டேன். முன்வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல? மத்ததெல்லாம் ஒரு மாதிரி அண்ணாச்சி, ஒண்ணுக்குக் கண்ணாடி பளபளக்கும், ஒண்ணு சிரிச்சா ஈறு தெரியும். பதினேழு படத்துலயும் நடுவுல இந்தம்மாதான். அஞ்சு சேலை கொண்டாரச் சொல்லியிருந்தோம். லேபுக்குள்ள போயி மாத்திக்கிட்டு மாத்திக்கிட்டு வந்தாங்க.

ஏழு மாசம்.

ஆமா, மாசமா இருந்தாங்க. அதுக்கு நான் என்ன பண்றது? என்னால ரொம்ப நேரம் நிக்க முடியலண்ணே, பின்னாடி உக்காந்துக்கிறேனேன்னாங்க. மத்தியானம் மூணு மணிக்கு மகளிர் தினம் எடுக்கையில பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னாங்க, "அண்ணே, இது நாலு வருஷத்துக்கு முந்தினதுன்னு பேனர்ல இருக்கு. எனக்கு வயிறு தெரியுதேண்ணே." எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மேடம், நீங்க கணக்குப் பாடம் எடுக்கும்போது நான் வந்து சொல்லிக்குடுத்தேனா, படத்தப் பத்தி எனக்குச் சொல்லாதீங்கன்னேன். ஒரு பூச்செண்டக் குடுத்து முன்னால புடிச்சுக்கச் சொன்னேன். பூச்செண்டு சின்னதாப் போச்சு. அதுக்குப் பூக்கடைக்காரனத்தான் கேக்கணும்.

செப்டம்பர்ல கமிட்டி வந்துச்சு. மூணு பேரு, அதுல ஒரு நரைச்ச தலை அம்மா. நான் கேமராவோட ஓரமா நின்னேன். ஆல்பத்த எடுத்து வைக்கிறது இந்த அங்கயற்கண்ணி மேடந்தான், ஃபைல் பூராம் அவங்க பொறுப்பு. அந்த நரைச்ச அம்மா ஒண்ணொண்ணாப் பொரட்டுது. ஒரு வருஷம் பாத்துச்சு. அடுத்த வருஷம் பாத்துச்சு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டு மறுபடி பாத்துச்சு. அப்புறம் நிமிந்து எதுக்க நிக்கிற மேடத்தோட வயித்தப் பாத்துச்சு. சிரிச்சுக்கிட்டே இங்கிலீசுல கேட்டுச்சு, உங்களுக்கு எத்தனை குழந்தைங்கன்னு.

ஒரு வார்த்தை அண்ணாச்சி! நாலு இருக்கு, இது அஞ்சாவதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். இந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? இதுதான் மொதக் கொழந்தைன்னுருச்சு. வாத்தியார் வேலை பாக்குற ஆளு, இம்புட்டுக் கூடவா சமயோசிதம் இருக்காது?

அப்புறம் என்ன, சான்றும் இல்ல ஒண்ணும் இல்ல. பிரின்சிபாலு அந்த எடத்துலயே பல்டி அடிச்சாரு. இந்தம்மா எங்க ஸ்டாஃபே இல்ல, ஏப்ரல்லயே வேலைய விட்டுப் போயிட்டாங்க, ஃபைல் எழுத மட்டும் வெளியருந்து கூப்பிட்டோம், அவங்களும் வெளி போட்டோகிராபர் ஒருத்தனும் சேந்து எங்களுக்குத் தெரியாம இப்படிப் பண்ணிட்டாங்கன்னாரு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். வெளி போட்டோகிராபராம். இருபத்திரண்டு வருஷம்! ஆனா கண்ணச் சிமிட்டுனாரு. நமக்குத்தான் சொல்றாரு, பொறுத்துக்கன்னு. பெரிய மனுசன் கண்ணச் சிமிட்டும்போது நம்ம ஏன் பேசணும்?

நாலு நாள் கழிச்சு இந்தம்மா புருசனோட இங்க வந்து நின்னாங்க. இந்தா, நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த எடம். ரிஜிஸ்டர்லயே பேர வெட்டிட்டாங்களாம். ஏப்ரலுக்கு அப்புறம் அங்க வேலை பாத்ததுக்கு ஒரு சான்றும் கெடையாதாம். பிரசவ லீவு இல்லையாம். ஆறு வருஷம் வேலை பாத்ததுக்குச் சர்டிபிகேட்டும் தர மாட்டேங்குறாங்களாம், போர்ஜரின்னு வெளிய தெரிஞ்சா வேற எந்தக் காலேஜ்லயும் வாசப்படி மிதிக்க முடியாதாம். "அண்ணே, பிரின்சிபால் உங்களுக்கு அனுப்புன வாய்ஸ் இருக்குல்ல, அதை மட்டும் குடுங்கண்ணே. படத்தோட ஒரிஜினல் கார்டையும் குடுங்க. நீங்க எதுவும் பேச வேணாம்"னாங்க. அந்தப் புருசன்காரன் கையெடுத்துக் கும்புட்டான்.

நான் போட்டோகிராபர் மேடம், பஞ்சாயத்துப் பண்றவன் இல்லன்னேன். அவங்க போனதும் நேரா காலேஜுக்குப் போயி, இன்னும் தொடைக்காம வச்சிருந்த கார்ட பிரின்சிபால் கையில குடுத்தேன். அவரு கண்ணு முன்னாடியே போன்ல இருந்த வாய்ஸயும் அழிச்சேன். தோள்ல தட்டுனாரு. பட்டமளிப்பு விழா பிப்ரவரில வருது, நீதான்யான்னாரு. தொழில்னா விசுவாசம் வேணும் அண்ணாச்சி. இன்னைக்கு ஒரு அம்மா அழுகுதுன்னு குடுத்துட்டா நாளைக்கு எவன் நம்மளக் கூப்பிடுவான்?

அதோட போச்சுன்னு பாத்தா, டிசம்பர்ல மறுபடி வந்துச்சு அந்தம்மா. கையில புள்ள. பொம்பளப்புள்ள, நல்லா மொழுமொழுன்னு இருந்துச்சு. மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டிருக்கேன் அண்ணே, விசாரணை வருது, இந்தப் படத்தப் பெருசாப் போட்டுக் குடுங்கன்னு செல்ல நீட்டுனாங்க.

அதை நீங்க பாத்திருக்கணும். எவளோ ஒரு புள்ள கடைசி பெஞ்சுலேருந்து திருட்டுத்தனமா எடுத்தது. செல்லே கொண்டாரக் கூடாதுங்கிறது ரூலு. மேடம் கிளாஸ் எடுக்குறாங்க. எடுக்குற லட்சணம், நிக்க முடியாம நாற்காலியில பக்கவாட்டுல உக்காந்துக்கிட்டு, ஒரு கை இடுப்புல, ஒரு கையில சாக்பீஸு. வாய் பாதி தொறந்திருக்கு. ஒரு கண்ணு மூடியிருக்கு. முன்னாடி எவன் தலையோ பாதிப் படத்த மறைக்குது. ஜன்னல் வெளிச்சம் பூராம் பின்னாலருந்து அடிச்சு மூஞ்சி கருகிக் கெடக்கு. பின்னால போர்டு, அதுல என்னமோ பேலன்ஸ் ஷீட்டு. மூலையில ஸ்கூல் டீச்சர் மாதிரி தேதி வேற, மூணாந்தேதி செப்டம்பர்னு. அதுக்குக் கீழ மொத்தம் அம்பத்திரண்டு, வந்தது நாப்பத்தேழுன்னு. தெனமும் எழுதுவாங்களாம். காலேஜ்ல எவன்மா இதெல்லாம் எழுதுறான்னு கேட்டேன். பழகிருச்சுண்ணேன்னாங்க.

என்ன இருந்தாலும் பச்ச ஒடம்புக்காரி, கேட்டு வந்துட்டாங்க. மனசு கேக்கல. நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டு அன்னைக்குச் சாயந்தரம் பூராம் உக்காந்து வேலை பாத்தேன். கண்ணத் தொறந்து விட்டேன். வாய மூடுனேன். முன்னால கெடந்த தலைய எடுத்தேன். மூஞ்சிக்கு வெளிச்சம் குடுத்தேன். வயித்தயும் கொஞ்சம் கொறைச்சேன், பாக்க மரியாதையா இருக்கட்டும்னு. பின்னாடி கெடந்த போர்டத் தூக்கிட்டு நல்ல நீலக் கலர் போட்டேன். சும்மா தகதகன்னு இருந்துச்சு. கல்யாணத்துக்குக் கூட அந்தம்மா அப்படி ஒரு படம் எடுத்திருக்க மாட்டாங்க.

மறுநாள் வாங்கிப் பாத்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க. "போர்டு எங்கண்ணே?"ன்னாங்க. சுத்தம் பண்ணிட்டேன் மேடம்னேன். "தேதி?" அதுவுந்தான். "வயிறு?" கொறைச்சிருக்கேன் மேடம்னேன். சிரிக்கிறாங்க அண்ணாச்சி! புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. ஒரு நன்றி கெடையாது. இதைக் குடுத்தா நான் பொறந்ததுக்கே சாட்சி இருக்காது, செல்லுல உள்ளத ஒண்ணையும் தொடாம அப்படியே போட்டுக் குடுங்கண்ணேன்னாங்க. முடியாதுன்னுட்டேன். என் கடையிலேருந்து அப்படி ஒரு எழவு வெளிய போகாது மேடம், எவனாவது பாத்தா செண்பகம் போட்டதாடான்னு கேப்பான்னேன். விறுவிறுன்னு எறங்கி, எதுக்க இருக்குற ஜெராக்ஸ் கடையில கறுப்பு வெள்ளையில சாதாப் பேப்பர்ல எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நான் வாசல்ல நின்னு பாத்தேன். அது ஒரு படமா? கரி அப்புன காகிதம்.

நேத்துத்தான் விசாரணை. என்னையும் வரச்சொல்லிக் கடுதாசி வந்துச்சு. காலையிலேயே பிரின்சிபால் போன்ல பிடிச்சாரு. "ரெண்டே கேள்விதான் செண்பகம். ஆல்பம் யாரு சொல்லி எடுத்தேன்னு கேட்டா அந்தம்மான்னு சொல்லு. அந்த ஜெராக்ஸ் படத்தக் காட்டுனா, அதுவும் நான் தயார் பண்ணிக் குடுத்ததுதான்னு சொல்லு. முடிஞ்சுச்சு. பட்டமளிப்பு ஒனக்கு." சரி சார்னேன். பெரிய விஷயமா அது? ரெண்டு வார்த்தை.

அதிகாரி வயசானவரு, நெத்தியில விபூதி. ஒரு பக்கம் பிரின்சிபாலு. ஒரு பக்கம் இந்தம்மா. புள்ள வெளிய புருசன்கிட்ட இருந்து கத்துது, இந்தம்மா காது அங்கதான் இருக்கு, மொகத்துல ரத்தமே இல்ல. அதிகாரி மொதல்ல ஆல்பத்தப் பத்திக் கேட்டாரு. மேடம் சொல்லித்தான் எடுத்தேன்னு சொன்னேன். அந்தம்மா என்னையப் பாத்தாங்க. நான் ஃபேனப் பாத்துக்கிட்டேன்.

அப்புறம் அந்தக் காகிதத்த மேசையில வச்சாரு. பிரின்சிபால் எந்திரிச்சு, "சார், இந்த ஆள் இப்படிப் போலிப் படம் தயாரிக்கிறதுல கைதேர்ந்தவன், ஆல்பத்தப் பாத்தீங்கள்ல? இந்தம்மாவுக்காக இதையும் இவன்தான் செஞ்சிருக்கான், அவனையே கேளுங்க"ன்னாரு. அதிகாரி என்னையப் பாத்து, இது நீங்க செஞ்சதான்னு கேட்டாரு.

ஆமான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன் அண்ணாச்சி. சத்தியமா. காகிதத்த என் பக்கம் தள்ளுனாரு. ஜெராக்ஸ்ல இன்னும் மோசமா இருந்துச்சு. அதைப் போயி, கைதேர்ந்தவன் செஞ்சதுன்னு நாலு பேரு முன்னாடி சொல்றாரு! எனக்கு உச்சந்தலையில ஏறிருச்சு. "என்ன நெனச்சுக்கிட்டுப் பேசுறீங்க? இதை நான் செஞ்சேனா? நான் செஞ்சா ஒரு கண்ணு மூடி இருக்குமா? வாய் தொறந்திருக்குமா? எவன் தலையோ குறுக்க வர விட்டிருப்பேனா? நான் செஞ்சா போர்டுல இந்தக் கோழிக் கிறுக்கல் இருக்குமா, வயிறு இப்படித் துருத்திக்கிட்டு நிக்குமா? ஒரு இடத்துல ஒரு கை பட்டிருக்கா இதுல? படம்னா என்னன்னே தெரியாத கழுதை ஏதோ ஒண்ணு செல்ல நீட்டி அமுக்கிருக்கு. உள்ளது உள்ளபடி வந்து விழுந்திருக்கு. இதுல வேலைங்கிறதே கெடையாது சார், வேலையே கெடையாது!"ன்னு கத்திட்டேன்.

பிரின்சிபால் என் சட்டையப் புடிச்சு இழுக்குறாரு. நான் விடல. முப்பது வருஷத் தொழில் அண்ணாச்சி, என் பேரு என்ன ஆகுறது?

அதிகாரி எழுதிக்கிட்டே இருந்தாரு. தேதியையும் நாப்பத்தேழையும் சுத்தி வட்டம் போட்டாரு. அன்னைக்குப் புள்ளைங்க வந்த வருகைப் பதிவேட்ட எடுக்கச் சொன்னாரு. அதுலயும் நாப்பத்தேழு. அப்புறம் எழுதுனதச் சத்தமாப் படிச்சாரு. முப்பது ஆண்டு அனுபவமுள்ள சாட்சி, இப்படத்தில் எவருடைய கைவேலையும் இல்லை எனத் திட்டவட்டமாகக் கூறுகிறார், அதனால் இது உண்மையான படம் என ஏற்றுக்கொள்ளப்படுகிறதுன்னு. கீழ கையெழுத்துப் போடுங்கன்னாரு. போட்டேன். என்ன செய்ய?

பட்டமளிப்பு போச்சு. அது கெடக்கட்டும். அந்தம்மாவுக்கு லீவு உண்டாம், ஆறு வருஷத்துக்கும் சர்டிபிகேட்டு உண்டாம். வெளிய வரும்போது புள்ளைய வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு எனக்கு நேர வந்து, நன்றிண்ணேன்னு சொல்லிட்டுப் போகுது. எதுக்கு நன்றிங்கிறேன்? நான் என்ன செஞ்சேன்?

வயிறு எரியுது அண்ணாச்சி. ரெண்டு லட்சம் படம் எடுத்திருப்பேன், இந்த முப்பது வருஷத்துல. அதுல ஒண்ணையாவது உண்மைன்னு எழுதி, கீழ என்னையக் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பாய்ங்களா? அந்தக் கரிக் காகிதத்துல போடச் சொல்றாய்ங்க. அதுவும் எதுக்காக? அது நான் எடுக்கலங்கிறதுக்காக.